ஒரு பழைய பிரெஞ்சு நோட்டின் படங்களைப் புரிந்துகொள்வது எப்படி?

1954-ம் ஆண்டு தேதியிட்ட பிரெஞ்சு 500 பிராங்க் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தின் வலது பாதியில் வெண்தாடி வைத்த முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் 19-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ. இடது பக்கம் குவிமாடமும் தூண்களும் கொண்ட ஒரு பெரிய கட்டடம் தெரிகிறது. அது பாரிஸின் பாந்தியோன். நோட்டைத் திருப்பினால் அங்கும் ஹியூகோதான், இந்த முறை இடது பக்கத்தில். அவர் பக்கத்தில் வரிசையாக வீடுகள் நிற்கும் ஒரு சதுக்கம். அதன் பெயர் பிளாஸ் தே வோஜ். நீலம், ஆரஞ்சு, இன்னும் சில நிறங்கள் எல்லாம் கலந்து, பார்க்க நீர்வண்ண ஓவியம் போலவே இருக்கும்.

பழைய நோட்டுகளில் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் இதை "அழகான நோட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த முகம் ஏன், இந்தக் கட்டடங்கள் ஏன், ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஏன், இத்தனை நிறங்கள் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அவை தெரிந்துவிட்டால் இந்த ஒரு நோட்டு மட்டுமில்லை, அந்தக் காலத்துப் பிரெஞ்சு நோட்டுகள் எல்லாமே புரிய ஆரம்பிக்கும்.

ஓர் ஆள், இரண்டு இடங்கள்

1950-களில் பிரான்ஸ் வங்கி நான்கு பெரிய மனிதர்களை வைத்து ஒரு நோட்டு வரிசையை உருவாக்கியது. 500 பிராங்கில் விக்டர் ஹியூகோ, 1,000 பிராங்கில் 17-ம் நூற்றாண்டில் மன்னரின் மந்திரியாக இருந்த கார்டினல் ரிஷெலியூ, 5,000 பிராங்கில் மன்னர் நான்காம் ஹென்றி, 10,000 பிராங்கில் இளம் நெப்போலியன் பொனபார்ட். நான்கிலும் ஒரே இலக்கணம்தான்: ஓர் ஆள், அவர் வாழ்க்கையோடு ஒட்டிய இரண்டு இடங்கள், பக்கத்துக்கு ஒன்று.

ஹியூகோ நோட்டில் அந்த இரண்டு இடங்களையும் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் உள்ள பிளாஸ் தே வோஜ் சதுக்கத்தில் 6-ம் எண் மாளிகையில் ஹியூகோ 1832 முதல் 1848 வரை குடியிருந்தார். அந்த வீடு 1903 முதல் அவர் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. முன்பக்கத்தில் உள்ள பாந்தியோன் அவர் அடக்கமான இடம். இதற்குள் ஒரு நீண்ட அரசியல் கதை இருக்கிறது. பாந்தியோனை முதலில் தேவாலயமாகத்தான் கட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791-ல், அதை நாட்டின் பெரியோர்களுக்கான நினைவிடமாக மாற்றினார்கள். அப்புறம் ஆட்சி மாறும்போதெல்லாம் அது தேவாலயமாவதும் நினைவிடமாவதுமாக மாறிக்கொண்டே இருந்தது. 1885-ல் ஹியூகோ இறந்தபோது அவரை எங்கே அடக்கம் செய்வது என்ற கேள்வி எழுந்தது. அந்த இறுதி ஊர்வலத்தோடு பாந்தியோன் நிரந்தரமாகக் குடியரசின் நினைவிடம் ஆனது. ஆகவே, நோட்டில் அவரையும் அந்தக் கட்டடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது மன்னராட்சிக்கும் குடியரசுக்கும் இடையே நடந்த ஒரு நூற்றாண்டு வழக்கின் தீர்ப்பை மக்கள் கையில் கொடுத்தது போலத்தான்.

மற்ற மூன்றையும் இதே கண்ணோடு பாருங்கள். ரிஷெலியூ நோட்டின் முன்பக்கத்தில் அவர் பாரிஸில் தனக்காகக் கட்டிய மாளிகை இருக்கிறது. பின்னால் அரச குடும்பத்துக்குப் போய், இன்று பாலே ருவாயல் என்று அழைக்கப்படுவது அதுதான். பின்பக்கத்தில் ஒரு நகர வாயில். தூரேன் பகுதியில் ரிஷெலியூ தன் பெயரிலேயே புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊரின் வாயில் அது. நான்காம் ஹென்றி 1553-ல் தெற்கே போ நகரத்துக் கோட்டையில் பிறந்தார். அவர் நோட்டின் பின்பக்கத்தில் அந்தக் கோட்டை. முன்பக்கத்தில் அவர் ஆட்சியில் கட்டி முடித்த போன் நஃப் பாலம். "புதுப் பாலம்" என்று பெயர் வைத்தாலும், இன்று பாரிஸில் சேன் நதி மேல் நிற்கும் பாலங்களிலேயே பழையது அதுதான். பொனபார்ட் நோட்டில் முன்னால் அவர் 1806-ல் கட்டச் சொன்ன வெற்றி வளைவு, பின்னால் அவர் உடல் வைக்கப்பட்டிருக்கும் இன்வாலித் கட்டடம். ஆக, பிறந்த இடம், வாழ்ந்த இடம், கட்டிய இடம், அடக்கமான இடம் என்று நான்கு வாழ்க்கைகளும் எட்டுப் படங்களில் அடங்கிவிடுகின்றன.

இந்த நான்கு நோட்டுகளுக்குள்ளும் மறைவாக ஓடும் சில இழைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹியூகோ நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் சதுக்கத்தைக் கட்டத் தொடங்கியது நான்காம் ஹென்றி. அப்போது அதற்கு "அரச சதுக்கம்" என்று பெயர். ஹியூகோ 1841-ல் உறுப்பினரான பிரெஞ்சு அகாடமியை 1635-ல் நிறுவியது ரிஷெலியூ. இந்த நோட்டுகளை வெளியிட்ட பிரான்ஸ் வங்கியை 1800-ல் தொடங்கிவைத்தது பொனபார்ட். வரிசையிலேயே அதிக மதிப்புள்ள நோட்டு அவருக்குக் கிடைத்தது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் செய்தார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் நான்கையும் ஒன்றாக மேசையில் பரப்பிவைத்துப் பார்க்கும்போது பாரிஸ் நகரத்தின் மூன்று நூற்றாண்டுகள் கண் முன்னே விரிகின்றன.

குறைந்த மதிப்புள்ள நோட்டு ஹியூகோவுக்குப் போனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1950-களின் நடுவில் ஒரு அமெரிக்க டாலருக்கு 350 பிராங்க். அதாவது 500 பிராங்க் என்பது ஒன்றரை டாலருக்கும் குறைவு. அதற்கும் கீழே இருந்த 50, 100 பிராங்க் நோட்டுகளின் இடத்தை அப்போது உலோக நாணயங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் சந்தை, பேருந்து, ரொட்டிக்கடை என்று சாதாரண மக்கள் கையில் அதிகம் புழங்கிய காகிதப் பணம் ஹியூகோதான். வாழ்நாள் முழுக்க ஏழைகளைப் பற்றி எழுதியவருக்கு இதைவிட நல்ல இடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

படம் செய்யும் காவல் வேலை

இனி நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். முன்பக்கத்தில் ஹியூகோ வலது பாதியில், பின்பக்கத்தில் இடது பாதியில். அப்படியானால் காகிதத்தில் இரண்டு உருவங்களும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. இரண்டு பக்க அச்சும் நூலிழை பிசகாமல் ஒன்றன் பின் ஒன்று விழ வேண்டும் என்பது பிரான்ஸ் வங்கிக்கு ஒரு விரதம் மாதிரி. சாதாரண அச்சகத்தில் இரண்டு பக்கமும் இப்படி ஒட்டி வருவது சுலபமில்லை. கள்ளநோட்டு அடிப்பவர் ஒரு பக்கத்தை நன்றாகச் செய்துவிட்டாலும் மறுபக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே வெளிச்சத்தில், அச்சு இல்லாமல் விட்ட வெள்ளைப் பகுதியில் நீர்க்குறி தெரியும். வாட்டர்மார்க் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் மை கிடையாது. காகிதக் கூழ் ஈரமாக இருக்கும்போதே, மேடு பள்ளமாகச் செய்த கம்பிவலை அச்சின் மேல் அதைப் படியவைப்பார்கள். கூழ் தடிமனாகப் படிந்த இடம் வெளிச்சத்தில் கருமையாகவும், மெல்லியதாகப் படிந்த இடம் வெளுப்பாகவும் தெரியும். அப்படித்தான் ஒரு முகம் காகிதத்துக்குள்ளேயே உருவாகிறது. பிறகு மேலே எதை அச்சடித்தாலும் அந்த முகத்தை உண்டாக்க முடியாது.

முகத்தை ஏன் வைக்கிறார்கள் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கோலம் போன்ற கோட்டுப் பின்னலில் ஒரு கோடு கொஞ்சம் விலகினால் நம் கண்ணுக்குத் தெரியாது. மனித முகத்தில் கண் இமை கொஞ்சம் தாழ்ந்தாலும், உதட்டோரம் கொஞ்சம் மாறினாலும் "இது அவர் இல்லையே" என்று சட்டென்று தோன்றும். யாரும் சொல்லித்தராமலே ஒவ்வொருவருக்கும் வந்துவிடும் திறமை அது. தினமும் அந்த முகத்தைப் பார்க்கும் கடைக்காரர் வங்கிக்குச் சம்பளமில்லாத காவலர் ஆகிவிடுகிறார். ஹியூகோவுக்கு 1879-ல் லெயோன் பொன்னா வரைந்த உருவப்படம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் மனத்தில் பதிந்திருந்த முதிய ஹியூகோவின் முகம் அதுதான். புதிதாக ஒரு முகத்தைக் கற்பனை செய்யாமல், ஏற்கெனவே எல்லோருக்கும் பழகிய அந்த முதுமைத் தோற்றத்தை நோட்டு எடுத்துக்கொண்டது.

நிறத்துக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரான்ஸ் வங்கி நோட்டுகள் கறுப்பு மையில்தான் அச்சாயின. புகைப்படக்கலை வந்ததும் வங்கிக்குப் பயம் வந்தது. கறுப்பு வெள்ளை நோட்டைப் படம் பிடித்து அப்படியே நகல் எடுத்துவிடலாமே. அதனால் 1862-ல் நீல மைக்கு மாறினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளுக்கு நீலத்தையும் வெள்ளையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீல நோட்டைப் படம் பிடித்தால் வெளிறிப்போய்விடும். எளிமையான, புத்திசாலித்தனமான தீர்வு அது. ஆனால் புகைப்படக்கலை வளர்ந்து அந்தத் தடையையும் தாண்டியது. 1888-ல் நீலத்துக்கு அடியில் இளஞ்சிவப்புப் பின்னணி ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவும் போதாமல், ஓவியர் லூக் ஒலிவியே மெர்சோன் வரைந்த 100 பிராங்க் நோட்டு 1910-ல் பல வண்ணங்களில் வந்தது. அன்றிலிருந்து பிரெஞ்சு நோட்டு என்றாலே வண்ணம் என்றானது.

மற்ற நாடுகள் இந்தக் காலத்தில் வேறு வழியில் போயின. அமெரிக்க டாலரைத் தடவிப்பார்த்தால் கோடுகள் மேடாகக் கையில் தட்டும். செப்பு அல்லது உருக்குத் தகட்டில் குழியாகச் செதுக்கி, அந்தக் குழியில் மையை நிரப்பி, பெரிய அழுத்தத்தில் அச்சடிக்கும் முறை அது. பிரான்ஸ் வங்கி நீண்ட காலம் மேடான அச்சுக்கட்டைகளில் மை பூசி, ஒரு பக்கத்துக்குப் பல வண்ணங்களைத் தனித்தனியாக ஒன்றன்மேல் ஒன்று அச்சடித்தது. ஒவ்வொரு வண்ணமும் மற்றதோடு சரியாகப் பொருந்தினால்தான் ஹியூகோவின் கன்னத்தில் ரத்தவோட்டம் தெரியும். ஒரு வண்ணம் சற்றே நகர்ந்தாலும் முகம் மங்கிப்போகும். பிரெஞ்சு நோட்டுகள் ஓவியம் போலத் தெரிவதற்கும், மெல்லிய காகிதத்தில் மிருதுவாக இருப்பதற்கும் இந்த முறைதான் காரணம். அழகும் பாதுகாப்பும் ஒரே வேலையில் இப்படிப் பிணைந்திருப்பதை வேறெங்கும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இதையும் மீறி ஒருவர் சாதித்தார். போலந்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த செஸ்லாவ் போயார்ஸ்கி பாரிஸுக்கு அருகே மோன்ஜெரோனில் இருந்த தன் வீட்டிலேயே, தனி ஆளாக, பல ஆண்டுகள் கள்ளநோட்டு அடித்தார். பொனபார்ட் நோட்டையும் அவர் விடவில்லை. 1964-ல் பிடிபட்டார், 1966-ல் 20 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் செய்த போலிகளையே இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். போலி செய்பவர்களை எச்சரிக்கும் தண்டனைச் சட்டத்தின் 139-வது பிரிவு அந்தக் கால நோட்டுகளிலேயே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். புரட்சிக்காலத்து அசைன்யா காகிதப் பணத்தில் இன்னும் கடுமையாக, போலி செய்பவருக்கு மரண தண்டனை, காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதி என்றே எழுதியிருந்தது.

தேவதைகளிலிருந்து மனிதர்களுக்கு

ஹியூகோவுக்கு முன்னால் நோட்டில் யார் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் அவர் வந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். 19-ம் நூற்றாண்டு நோட்டுகளில் நிஜ மனிதர்களே கிடையாது. கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து வந்த உருவங்கள்தான் இருக்கும். கையில் நெற்கதிர்க்கட்டு போல கோதுமைக்கதிர் ஏந்தியவள் வேளாண்மை. சிறகு முளைத்த தொப்பியும் பாம்பு சுற்றிய கோலும் இருந்தால் வணிகத்தின் கடவுள் மெர்க்குரி. தலைக்கவசம் அணிந்தவள் அறிவின் தேவதை மினர்வா. நீதி, அதிர்ஷ்டம், தொழில் என்று எல்லாவற்றுக்கும் ஓர் உடலும் ஓர் அடையாளப் பொருளும் உண்டு. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆள் யார் என்று சொல்லிவிடலாம். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பழைய நோட்டுகளில் பாதி தானாகவே விளங்கும்.

முதல் உலகப்போரில் மக்கள் தங்க, வெள்ளிக் காசுகளைப் பதுக்கிக்கொண்டதால் சில்லறை மதிப்புக்கும் காகிதம் தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் வந்த 20 பிராங்க் நோட்டில் பயார் என்ற மத்தியகால மாவீரர் ஒருவர் இடம்பெற்றார். அதன் பின்பக்கத்தில் அரிவாளோடு ஓர் உழவர். போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கு வீரமும் உணவும் இரண்டும் தேவை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்து இரண்டாம் உலகப்போர். ஜெர்மனியிடம் தோற்று, அதனோடு ஒத்துழைத்த விஷி அரசின் கீழ் இருந்த பிரான்ஸ், "உழைப்பு, குடும்பம், தாய்நாடு" என்று முழங்கியது. அப்போதைய சின்ன நோட்டுகளைப் பாருங்கள். 5 பிராங்கில் பிரனீஸ் மலை ஆட்டிடையர், 10 பிராங்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், 20 பிராங்கில் வலை இழுக்கும் மீனவர்கள். சுரங்க நோட்டின் பின்பக்கத்தில் மாடு, உழவர் வீட்டுப் பெண், குழந்தை. முழக்கத்தின் முதல் இரண்டு சொற்களும் அப்படியே படமாகிவிட்டன. இதை வெறும் அரசியல் விளம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. சுரங்க நோட்டை வரைந்த லூசியான் ஜோனாஸ் வட பிரான்ஸில் சுரங்கப் பகுதியான ஆன்சானில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளிகளை வாழ்நாள் முழுக்க வரைந்தவர். அந்த முகங்களில் இருக்கும் களைப்பை அவர் கற்பனை செய்யவில்லை, பார்த்து வளர்ந்திருக்கிறார். விஷி அரசு 1944-ல் விழுந்த பிறகும் அந்த நோட்டு 1940-களின் கடைசி வரை அச்சானது.

இதே காலத்தில் மந்திரி சுல்லி, வணிகர் ஜாக் கேர், தத்துவவாதி தேகார்த் என்று வரலாற்று மனிதர்களும் நோட்டுகளில் வர ஆரம்பித்தார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி இன்னும் தேவதைகளும் உருவகங்களும் நெருக்கியடித்தன. 1950-களின் வரிசையில்தான் தேவதைகள் முற்றிலும் விலகி, மனிதரும் அவர் வாழ்ந்த கட்டடமும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒரே ஹியூகோ, இரண்டு மதிப்பு

ஹியூகோ நோட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. போருக்குப் பிறகு பிரான்ஸில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. சாதாரணக் கணக்குக்கே பூஜ்யங்கள் பெருகின. 1958 டிசம்பரில் தெ கோல் அரசு ஒரு முடிவெடுத்தது: 1960 ஜனவரி 1 முதல் 100 பழைய பிராங்க் ஒரு புதிய பிராங்க். நிதியமைச்சர் அந்துவான் பினே.

நோட்டுகளை எல்லாம் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக வரைந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தயாராக இருந்த 500 பிராங்க் ஹியூகோ நோட்டின்மேல் 5 புதிய பிராங்குக்குச் சமம் என்று மேலச்சு போட்டு வெளியிட்டார்கள். மற்ற மூன்று நோட்டுகளுக்கும் இதேதான். அதன்பிறகு முழுதாகவே 5 புதிய பிராங்க் என்று அச்சான ஹியூகோ வந்தார். படம் மாறவில்லை, அதே பாந்தியோன், அதே சதுக்கம், அதே வண்ணங்கள். எண்ணும் எழுத்தும் மட்டும் மாறின.

இதில் இருக்கும் நிதானம் பாராட்டத்தக்கது. 500 என்று இருந்தது 5 ஆகும்போது, தன் சேமிப்பு கரைந்துவிட்டது என்று ஒரு மூதாட்டி நினைத்துவிடக் கூடாது. பழகிய முகம் அப்படியே இருந்ததால், "இது அதே ஹியூகோ நோட்டுதான், எழுதும் முறைதான் வேறு" என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ள முடிந்தது. அப்படியும் வயதானவர்கள் பல பத்தாண்டுகள் பழைய பிராங்கிலேயே கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். 1963-ல் "புதிய" என்ற சொல் நீங்கி மறுபடி வெறும் பிராங்க் ஆனது. 1966-ம் ஆண்டு தேதியிட்ட 5 பிராங்க் நோட்டில் ஹியூகோவின் இடத்தில் லூயி பாஸ்டர் அமர்ந்தார்.

பாஸ்டரோடு வந்தவர்களைப் பார்த்தால் இன்னொரு திருப்பமும் தெரியும். 10 பிராங்கில் வால்டேர், 50-ல் ராசீன், 100-ல் கொர்னேய், 500-ல் பாஸ்கல். மன்னரும் போய்விட்டார், பேரரசரும் போய்விட்டார், மந்திரியும் போய்விட்டார். எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் அறிவியலாளரும் மட்டும் இருந்தார்கள். 1970-களிலிருந்து இசையமைப்பாளர் பெர்லியோஸ், ஓவியர் தெலக்ருவா, இசையமைப்பாளர் தெபுஸி என்று கலைஞர்கள் வந்தார்கள். 100 பிராங்க் தெலக்ருவா நோட்டில் அவருக்குப் பக்கத்திலேயே, 1830 புரட்சியைப் பற்றி அவர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்திலிருந்து, கொடியேந்திய விடுதலைத் தேவி மார்பு திறந்த நிலையில் அப்படியே இருப்பாள். புராண உருவகம் மறுபடி திரும்பி வந்தது, ஆனால் ஒரு மனிதனின் படைப்பாக வந்தது. எல்லா வரிசைகளையும் வைத்துப் பார்த்தாலும் எனக்கு 1950-களின் ஹியூகோதான் மேல். பின்னால் வந்தவற்றில் வடிவமைப்பு நுட்பம் கூடியது. ஒரு மனிதரையும் அவர் ஊரையும் சேர்த்துப் பார்க்கும் அந்த நேரடித்தன்மை குறைந்தது.

2002-ல் யூரோ வந்தபோது இந்த மரபே முடிந்தது. யூரோ நோட்டில் இருக்கும் ஜன்னல்களும் பாலங்களும் எந்த ஊரையும் பார்த்து வரையாத கற்பனைக் கட்டடங்கள். எந்த ஒரு நாட்டுக்கும் சலுகை காட்டக் கூடாது என்பதற்காக அப்படி. நியாயம்தான், ஆனால் நோட்டைப் பார்த்து ஒரு சதுக்கத்தைத் தேடிப்போகும் வாய்ப்பு அதில் இல்லை.

ஒன்று கையில் கிடைத்தால்

இந்த நோட்டுகள் அப்படியொன்றும் எட்டாத பொருள் அல்ல. கோடிக்கணக்கில் அச்சானவை, அதனால் நன்கு புழங்கிய பிரதிக்குப் பெரிய விலை இருக்காது. புதுச்சேரி, காரைக்காலில் பிரான்ஸோடு தொடர்புள்ள குடும்பங்களின் பழைய பெட்டிகளில் ஒன்றிரண்டு இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் இவை அங்கே புழங்கிய பணம் அல்ல. பிரெஞ்சிந்தியாவில் ரூபாய்தான் பணம். அதற்கென பாங்க் தெ லாந்தோஷின் என்ற வங்கி தனியாக ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் நோட்டைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடியுங்கள். சின்னச் சின்ன ஊசித்துளைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் பிரெஞ்சு வங்கிகளில் நோட்டுக்கட்டுகளை குண்டூசியால் குத்திச் சேர்த்து வைப்பார்கள். வங்கியை விட்டு வெளியே வராத புத்தம்புது நோட்டிலும் ஓரத்தில் துளை இருக்கும். ஊசித்துளையே இல்லாத பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். துளையைவிடக் கவனிக்க வேண்டியது, நோட்டைக் கழுவி இஸ்திரி போட்டிருக்கிறார்களா என்பது. கழுவிய நோட்டில் மடிப்பு மறைந்திருக்கும், ஆனால் நிறம் வெளிறி, காகிதம் உயிரில்லாமல் தொளதொளவென்று இருக்கும். அதற்கு மடிப்போடு இருக்கும் நேர்மையான நோட்டே மேல்.

அப்புறம் எண்கள். மேலே ஓர் எழுத்தும் ஒரு தொடர் எண்ணும், அதோடு ஐந்து இலக்க வரிசை எண்ணும் இருக்கும். வேறோர் இடத்தில் நீளமான ஓர் எண் தனியாக நிற்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு தொடரிலும் 25 எழுத்துகள், எழுத்துக்கு ஒரு லட்சம் நோட்டு என்று எண்ணிக்கொண்டே போனால் கிடைக்கும் மொத்தக் கணக்குதான் அந்த நீள எண். ஆகவே அதன் கடைசி ஐந்து இலக்கங்களும் மேலே உள்ள ஐந்து இலக்கங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்த நோட்டை வாங்காதீர்கள்.

கடைசியாகத் தேதி. பல நாட்டு நோட்டுகளில் ஆண்டு மட்டும்தான் இருக்கும் அல்லது அதுவும் இருக்காது. இந்த நோட்டுகளில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் அச்சாகியிருக்கும். ஒரே ஹியூகோவில் சாதாரணத் தேதியும் உண்டு, அரிய தேதியும் உண்டு. 500 பிராங்க் நோட்டின்மேல் 5 புதிய பிராங்க் என்று மேலச்சு விழுந்த பிரதிகள் 1958 கடைசி, 1959 தொடக்கம் என்று வெகு சில தேதிகளில் மட்டுமே வந்தன. யாராவது உங்களிடம் ஒரு ஹியூகோவை நீட்டினால் தாடியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மேலச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை கேட்கும்போது முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள்.